பிக்அப் வண்டியின் பின் ஆக்சிலை கம்ப்யூட்டரில் மாற்றிப் பாருங்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதல் மாதம் படம் பார்க்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள். இரண்டாவது மாதம் பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். மூன்றாவது மாதம் "இதை வைத்து வேறு என்னதான் செய்வது?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. வீட்டில் ஒரு பிக்அப் வண்டியும் இருந்தால் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. வண்டியின் பின் ஆக்சிலைக் கழற்றுவதற்கு முன்னால், கம்ப்யூட்டரிலேயே அதை மாற்றிப் பார்த்துவிடலாம்!

காரைக்காலை எடுத்துக்கொள்வோம். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் போட்டு மீன் ஏற்றிக்கொண்டு கிளம்பும் பிக்அப், தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரி போய்ச் சேர சுமார் 130 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஊருக்குள் லோடு இழுப்பதற்காக அமைக்கப்பட்ட வண்டி, நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் இன்ஜின் அலற ஆரம்பிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசக்கூட முடியாது. இரவு முழுக்க இந்த இரைச்சலில் ஓட்டினால் டிரைவருக்குக் களைப்பும் சீக்கிரம் வரும்.

இதற்கு மெக்கானிக்குகள் சொல்லும் வைத்தியம், "கிரவுன் பினியனை மாத்திடுங்க, வண்டி அமைதியா ஓடும்" என்பது. இது சரியான வைத்தியமாகவும் இருக்கலாம், வீண் செலவாகவும் முடியலாம். உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும், ஒரு இலவச சாஃப்ட்வேரும் சொல்லிவிடும்.

ஆக்சில் விகிதம் என்றால் என்ன?

இன்ஜினின் சுழற்சி கியர் பாக்ஸ் வழியாக ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு வந்து, பின் ஆக்சிலின் நடுவில் உள்ள உருண்டையான டிஃபரன்ஷியலுக்குள் நுழைகிறது. அங்கே பினியன் என்ற சிறிய பல்சக்கரம், கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுனின் பற்களை பினியனின் பற்களால் வகுத்தால் வருவதே ஆக்சில் விகிதம். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.10. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்ற வேண்டும்.

எண் பெரிதானால் இழுவை அதிகம், இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும். எண் சிறிதானால் இன்ஜின் நிதானமாகச் சுற்றும், இழுவை குறையும். விஷயம் முழுவதும் இவ்வளவுதான்.

ஜீப் சரித்திரமே இதற்கு நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்பி ஜீப்பின் விகிதம் 4.88. போருக்குப் பின் விவசாய வேலைக்கும் ஏற்றபடி வந்த சிஜே-3பி மாடலில் 5.38. அதாவது 43-க்கு 8 பல். இந்த மாடலைத்தான் மஹிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்தது. டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு அந்த இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3200 சுற்று சுற்ற வேண்டும். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் ஆக்சில் விகிதத்தைப் பற்றியே ஏன் ஓயாமல் பேசுகிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

உங்கள் வண்டியின் விகிதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சில வண்டிகளில் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் சிறிய தகடு இருக்கும். இரண்டும் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் எடுத்திருக்க வேண்டும். தூக்கிய சக்கரத்தைக் கையால் 20 சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, அதை 10-ஆல் வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் மற்ற சக்கரத்தின் இரண்டு சுற்று, கிரவுனின் ஒரு சுற்றுக்குச் சமம். அதனால்தான் 20-க்குப் பதில் 10-ஆல் வகுக்கிறோம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

ஷீட் தயாரிக்கலாம், வாருங்கள்!

எக்செல் இருந்தால் எக்செல். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் இலவசமாகவே கிடைக்கிறது. புதிய ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். ஏ என்ற முதல் நெடுவரிசையில் பெயர்களை டைப் செய்யுங்கள். பி என்ற இரண்டாவது நெடுவரிசையில் எண்கள் வரும். இங்கே பி1, பி2 என்று தமிழில் அச்சிட்டிருப்பதை நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.

பி1: டயர் அகலம். 215
பி2: டயர் உயர விகிதம். 75
பி3: ரிம் அளவு, அங்குலத்தில். 15
பி4: டயரின் விட்டம், மீட்டரில். =(2*பி1*பி2/100+பி3*25.4)/1000
பி5: டயரின் சுற்றளவு. =பி4*3.1416
பி6: டாப் கியர் விகிதம். 0.85
பி7: வேகம். 80
பி8: கிரவுன் பற்கள். 39
பி9: பினியன் பற்கள். 8
பி10: ஆக்சில் விகிதம். =பி8/பி9
பி11: இன்ஜின் சுற்று. =பி7*1000/60/பி5*பி6*பி10

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர்15 என்று எழுதியிருப்பதைத்தான் முதல் மூன்று செல்களில் பிரித்துப் போட்டிருக்கிறோம். டாப் கியர் விகிதம் மேனுவலில் இருக்கும். நாம் இங்கே எடுத்துக்கொண்டவை உதாரண எண்கள்தான். உங்கள் வண்டியின் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஃபார்முலாவின் முன்னால் சமக் குறி இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அதை வெறும் எழுத்தாகவோ, சில சமயம் தேதியாகவோ எடுத்துக்கொள்ளும்! விடை வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எல்லாம் சரியாக இருந்தால் பி4-ல் 0.7035, பி5-ல் 2.21, பி10-ல் 4.875, பி11-ல் 2500 என்று வரும். அதாவது 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றுகிறது.

இப்போது பி1 முதல் பி11 வரை மௌசால் தேர்வு செய்து கன்ட்ரோல் சி அழுத்துங்கள். சி1-ல் கிளிக் செய்து கன்ட்ரோல் வி அழுத்துங்கள். டி1-லும் அதையே செய்யுங்கள். சி நெடுவரிசையில் பற்களை 41, 10 என்றும், டி நெடுவரிசையில் 41, 11 என்றும் மாற்றுங்கள். ஒரு நொடியில் விடை கிடைக்கும். 4.10 விகிதத்தில் 2102 சுற்று. 3.73 விகிதத்தில் 1911 சுற்று. ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் இரண்டு கிரவுன் பினியன் செட்டை மாற்றிப் பார்த்துவிட்டீர்கள்!

உங்களைத் தொல்லை செய்வது எந்தச் சத்தம்?

2500 சுற்று 2102 ஆகிறது என்றதும் உடனே ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஆக்சில் விகிதத்தை மாற்றினால் குறைவது இன்ஜின் சத்தம் மட்டும்தான். உங்கள் காதில் விழுவது டயர் சத்தமாகவோ, காற்றின் சத்தமாகவோ, தேய்ந்த டிஃபரன்ஷியலின் ஊளையாகவோ இருந்தால் என்ன மாற்றினாலும் அது அப்படியேதான் இருக்கும். எனவே முதலில் சத்தத்தைப் பிடிக்க வேண்டும்.

ஷீட்டில் இன்னும் மூன்று வரிகளைச் சேருங்கள்.

பி12: இன்ஜின் சத்தம். =பி11/60*2
பி13: சக்கரம் ஒரு நொடியில் சுற்றுவது. =பி7*1000/3600/பி5
பி14: கிரவுன் பினியன் சத்தம். =பி13*பி8

நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. அதனால் 2500 சுற்றில் நொடிக்கு 83 அதிர்வு, அதாவது 83 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டர் இன்ஜின் என்றால் 2-க்குப் பதில் 1.5 என்று போடுங்கள். சக்கரம் நொடிக்குச் சுமார் 10 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கிரவுனின் 39 பற்களும் பினியனைத் தொடுவதால் 392 ஹெர்ட்ஸ். டயர் சத்தம் ஒரே இடத்தில் நிற்காமல் 1000 ஹெர்ட்ஸைச் சுற்றிப் பரவலாக இருக்கும்.

அடுத்து, செல்போனில் வண்டியின் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். நேரான, கூட்டமில்லாத சாலையில் டாப் கியரில் 80-ல் சீராகப் போகும்போது அரை நிமிடம் போதும். பதிவு செய்வது டிரைவராக இருக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ரேடியோவை அணைத்துவிடுங்கள். ஃபைலை கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் திறங்கள். ரெக்கார்டரில் வேவ் வடிவத்தைத் தேர்வு செய்திருந்தால் ஃபைல் நேராகத் திறக்கும். எம்4ஏ வடிவம் என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை ஃபைலையும் நிறுவ வேண்டியிருக்கும்.

பதிவின் பத்து நொடிப் பகுதியை மௌசால் தேர்வு செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வரும் விண்டோவில் சைஸ் என்ற இடத்தில் 16384 என்று வையுங்கள். அப்போதுதான் அருகருகே உள்ள சத்தங்கள் தனித்தனியாகத் தெரியும். மலைச் சிகரங்கள் போல வரைபடம் ஒன்று வரும். உயரமான சிகரத்தின் மேல் மௌசைக் கொண்டுபோனால் அது எத்தனை ஹெர்ட்ஸ் என்று காட்டும்.

சிகரம் 83 அல்லது அதன் இரு மடங்கான 166 அருகே இருந்தால் அது இன்ஜின். செல்போன் மைக்குகள் தாழ்ந்த சத்தத்தைக் குறைத்தே பிடிக்கும் என்பதால் இரண்டாவது சிகரமே தெளிவாகத் தெரியலாம். 392 அருகே கூர்மையான சிகரம் இருந்தால் அது கிரவுன் பினியன். அப்போது உங்களுக்குத் தேவை விகித மாற்றம் அல்ல, டிஃபரன்ஷியலைப் பிரித்து பேரிங்கையும் பல் அமைப்பையும் பார்ப்பது. 1000-ஐச் சுற்றி அகலமான மேடு மட்டும் இருந்தால் டயரைப் பாருங்கள். காற்றழுத்தமும் தேய்மானமும் சரியாக இருக்கிறதா என்று கவனிப்பது முதல் வேலை.

கம்ப்யூட்டர் சொன்னதை ஓட்டிப் பார்த்தும் உறுதி செய்யலாம். வெறிச்சோடிய சாலையில் 80-ல் போகும்போது கிளட்சை மிதித்து இன்ஜினை ஐடிலுக்கு வர விடுங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் இன்ஜின்தான். அடங்காமல் தொடர்ந்தால் டயரோ, ஆக்சிலோ, காற்றோ. இந்தச் சோதனையில் இன்ஜினை ஒருபோதும் அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும்.

குறைவது சத்தம் மட்டுமல்ல, இழுவையும்தான்

4.875-லிருந்து 4.10-க்குப் போனால் இன்ஜின் சுற்று 16 சதவீதம் குறைகிறது. அதே 16 சதவீதம் சக்கரத்துக்குப் போகும் இழுவையும் குறைகிறது. முதல் கியரிலும் ரிவர்ஸிலும்கூட இதே கணக்குதான். ஃபுல் லோடுடன் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்சை அதிக நேரம் அரைக்க வேண்டிவரும். கிளட்ச் பிளேட் சீக்கிரம் போய்விடும்.

இந்த இடத்தில் காரைக்காலுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. காவிரி டெல்டாவின் கடலோரப் பகுதி என்பதால் சாலை முழுவதும் சமதளம். ரயில்வே மேம்பாலத்தையும் ஆற்றுப் பாலத்தையும் விட்டால் மேடே கிடையாது. எனவே இந்த ஊர் வண்டிக்குச் சிறிய விகிதம் ஒத்துவரும். ஆனால் அதே வண்டி வாரம் ஒருமுறை ஏற்காடோ ஊட்டியோ ஏறுவதாக இருந்தால் கதையே வேறு.

ஷீட்டில் பி7, சி7, டி7 மூன்றிலும் வேகத்தை 50 என்று மாற்றிப் பாருங்கள். ஊருக்குள் டாப் கியரில் போகும்போது இன்ஜின் சுற்று முறையே 1562, 1314, 1195 என்று வரும். உங்கள் மேனுவலில் அதிகபட்ச டார்க் 1400 முதல் 2200 சுற்று வரை என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் விகிதத்தில் டாப் கியரிலேயே சமாளிக்கலாம். மற்ற இரண்டிலும் வண்டி திணறும், நான்காவது கியருக்கு இறங்க வேண்டும். சீர்காழி, சிதம்பரம் என்று ஒவ்வோர் ஊரிலும் கியர் மாற்றிக்கொண்டே இருக்க முடியுமா என்பதை டிரைவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்!

மிகவும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. பல வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கியர் பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து வேகத்தை எடுக்கிறது. ஷாஃப்ட்டின் சுழற்சியைத்தான் அது அறியும், சக்கரத்தை அறியாது. 4.875-ஐ 4.10 ஆக்கினால் மீட்டர் 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 95-ல் போய்க்கொண்டிருக்கும். 80*4.875/4.10 என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி அமைதியாக வேறு ஓடுவதால் வேகம் தெரியவே தெரியாது. ஃபுல் லோடில் பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும்.

ஓடிய தூரமும் குறைவாகவே காட்டும். பிறகு மைலேஜ் கணக்குப் போட்டால் டீசல் அதிகம் குடிப்பது போலத் தோன்றும். எனவே மாற்றிய அன்றே செல்போன் ஜிபிஎஸ் வேகத்துடன் ஒப்பிட்டு, மீட்டரின் டிரைவ் கியரையும் சரிசெய்யச் சொல்லுங்கள். வேகத்தைச் சக்கரத்திலிருந்தே அறியும் வண்டிகளில் இந்தக் கோளாறு வராது. ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டர் பல கணக்குகளைத் தானே போடுகிறது. அங்கே கம்பெனியின் சர்வீஸ் சென்டரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டிய கேள்விகள்

- கிரவுனும் பினியனும் ஒரே செட்டா? இரண்டையும் சேர்த்துத்தான் தொழிற்சாலையில் பொருத்தி எடுக்கிறார்கள். ஒன்றைப் பழையதாகவும் மற்றதைப் புதியதாகவும் போடக் கூடாது.
- அதே ஹவுசிங்கில், அதே கேரியரில் புதிய செட் உட்காருமா?
- பேக்லாஷை டயல் கேஜ் வைத்து அளப்பார்களா? பற்களில் சாயம் தடவிப் பதிவைப் பார்ப்பார்களா? கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் புதிய செட் ஊளையிடும். அமைதிக்காகச் செலவு செய்து புதுச் சத்தத்தை வாங்கிய கதையாகிவிடும்!
- மேனுவலில் சொன்ன கியர் ஆயிலைத்தான் ஊற்றுகிறார்களா? முதல் சில நூறு கிலோமீட்டர் லேசான லோடில் ஓட்டி, பிறகு ஆயிலை மாற்றுவது நல்லது.
- நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் முன் ஆக்சிலையும் அதே விகிதத்துக்கு மாற்றுகிறார்களா? மாற்றாவிட்டால் ஃபோர் வீலில் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை வலியுறுத்தியது. "இதெல்லாம் ஆர்.சி.யில் வராது" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லலாம். பிஒய்-02 என்று தொடங்கும் வண்டி என்றால் காரைக்கால் போக்குவரத்து அலுவலகத்திலும், கூடவே இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே கேட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

செலவே இல்லாத ஒரு வழி

கடைசியாக ஒரு சோதனை. பி7-ல் வேகத்தை 70 என்று மாற்றுங்கள். பழைய 4.875 விகிதத்திலேயே இன்ஜின் சுற்று 2187 என்று வரும். ஆக்சிலை மாற்றி 80-ல் போனால் கிடைக்கும் 2102-க்கு மிக அருகில்! 130 கிலோமீட்டர் பயணத்தில் இதனால் கூடும் நேரம் சுமார் 14 நிமிடம்தான். டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் சேர்ந்தே குறையும். இழுவை குறையாது, மீட்டர் பொய் சொல்லாது, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

தினமும் புதுச்சேரி வரை ஓடும் வண்டி, சமதளச் சாலை, சத்தம் இன்ஜினுடையதுதான் என்று உறுதி, டாப் கியரில் சுற்று அதிகம் என்றால் ஆக்சில் விகிதத்தை மாற்றுவது நியாயமான செலவு. வாரம் ஒருமுறை மட்டும் நெடுஞ்சாலை ஏறும் வண்டிக்கு அந்த 14 நிமிடமே மலிவு.

ஷீட்டை வண்டி நம்பரின் பெயரிலேயே சேவ் செய்து வையுங்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது பி1, பி2, பி3 மூன்றையும் மாற்றினால் போதும். 235/75 ஆர்15 போட்டால் சுற்று எவ்வளவு குறைகிறது என்று நீங்களே பாருங்கள். 4.875 விகிதத்தில், 80 கிலோமீட்டர் வேகத்தில் 2398 என்று வந்தால் உங்கள் ஷீட் சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.